சிலை அங்கே, வழக்கு இங்கே: எந்த வழியில் போவது?

நம் ஊர்க் கோயிலில் இருந்து காணாமல் போன உற்சவர் ஏதோ ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார் என்று செய்தி வந்தால் போதும், டீக்கடை முதல் டிவி விவாதம் வரை எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இன்டர்போலுக்கு எழுத வேண்டியதுதானே? எழுதலாம், தப்பில்லை. ஆனால் விசாரணை அதிகாரியின் மேஜையில் இருந்து பார்த்தால் இன்டர்போல் என்பது நாலைந்து வழிகளில் ஒன்று, அதுவும் சிலையைத் திருப்பிக் கொண்டு வருவதற்கென்று உண்டான வழி அல்ல. எந்தக் கதவைத் தட்டுவது என்று முதல் மாதத்தில் எடுக்கும் முடிவில்தான் சிலை 3 வருடத்தில் வருமா 15 வருடத்தில் வருமா என்பது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலை நியூயார்க்கில் இருந்தாலோ, நியூயார்க் வியாபாரி ஒருவரின் கை வழியாகப் போயிருந்தாலோ, அங்கே இதே வேலையைப் பார்க்கும் புலனாய்வாளர்களோடு நேரடியாகப் பேசுவதுதான் முதல் வேலை. அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்து அதன் பின்னாலேயே வரட்டும். வேறு நாடுகளில் கணக்கு மாறும். எங்கே எப்படி மாறும் என்று பார்ப்போம்.

முதலில் இன்டர்போல். 196 உறுப்பு நாடுகள், பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம், நாட்டுக்கு ஒரு தேசிய மையம், அவற்றை இணைக்கும் ஐ-24/7 என்ற வலையமைப்பு, இவ்வளவுதான் அதன் உடம்பு. கைது செய்யும் போலீஸ் அதனிடம் கிடையாது. இந்தியாவின் தேசிய மையம் டெல்லியில் சிபிஐயிடம் இருக்கிறது, அதனால் சென்னையில் இருக்கும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு நேராக லியோனுக்கு எழுத முடியாது, சிபிஐ வழியாகத்தான் போக வேண்டும். 2025 ஜனவரியில் பாரத்போல் என்ற இணையதளம் வந்த பிறகு மாநிலப் போலீஸ் கோரிக்கையை அதிலேயே ஏற்றலாம். அதுவரை கடிதம், மின்னஞ்சல், ஃபேக்ஸ் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்டர்போலால் நமக்கு ஆகக்கூடிய காரியம் இரண்டு. ஒன்று, ஆளுக்கு ரெட் நோட்டீஸ். இது சர்வதேசக் கைது வாரண்ட் அல்ல, பலர் அப்படி நினைக்கிறார்கள். 'இந்த ஆளை எங்கள் நாடு தேடுகிறது, கண்டால் பிடித்து வையுங்கள்' என்ற வேண்டுகோள், பிடிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. ஆனாலும் வேலை செய்யும்போது நன்றாகவே வேலை செய்கிறது. நியூயார்க் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற தொல்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் சிக்கியது இந்த வழியில்தான். தமிழ்நாட்டுப் போலீஸ் போட்ட வழக்கு, சிபிஐ மூலம் போன நோட்டீஸ், ஜெர்மன் போலீஸின் கை. 2012 ஜூலையில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொன்று, திருட்டுப் போன கலைப்பொருள்களின் தரவுத்தளம். 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் படத்தோடு பதிவாகி இருக்கின்றன, 2021ல் ஐடி-ஆர்ட் என்ற செயலியும் வந்துவிட்டது, உங்கள் போனிலேயே தேடிப் பார்க்கலாம். தேடத்தான் யாரும் தேடலாமே தவிர, பதிவு செய்வது அந்தந்த நாட்டின் மையமும் அனுமதி பெற்ற ஓரிரு சர்வதேச அமைப்புகளும் மட்டுமே. அடையாளம் காணக்கூடிய படமும் விவரமும் இல்லாத பொருளை ஏற்றவும் முடியாது. 'நடராஜர் சிலை, ஐம்பொன், சுமார் 3 அடி' என்று நம் பழைய எஃப்.ஐ.ஆர்.களில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது; காவிரிக் கரையில் அந்த வர்ணனைக்குப் பொருந்தாத சிவன் கோயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு வம்பும் உண்டு. பட்டியலில் இல்லாத சிலைக்கு 'இல்லை' என்ற பதிலே நற்சான்றாகிவிடுகிறது. லண்டனில் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்று தனியார் நிறுவனம் ஒன்று இதே மாதிரி பட்டியல் வைத்திருக்கிறது. வியாபாரிகள் அங்கே தேடச் சொல்லி, 'எங்கள் பதிவில் இது இல்லை' என்று சான்றிதழ் வாங்கி விற்பனைக் கோப்பில் வைத்துவிடுவார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியபோதும் அந்தச் சோதனை நடந்தது. பதிவில் எப்படி இருக்கும்? அரியலூர் மாவட்டத்துக் கோயில் பூட்டிக் கிடந்தது, 2006 வாக்கில் நடந்த திருட்டு 2008ல் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்றப் போனபோதுதான் தெரிய வந்தது. காணாமல் போனதே தெரியாத பொருளை யார் பதிவு செய்வார்கள்!

ஆக, இன்டர்போலை ஆளைப் பிடிக்கவும் சந்தையை எச்சரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். சிலையைக் கொண்டு வரும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

அடுத்து பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம், அலுவலகப் பேச்சில் எம்லாட்; வழக்குக்கு வேண்டிய ஆவணத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் முறைப்படி கேட்டு வாங்கும் வழி. அமெரிக்காவோடு 2001ல் கையெழுத்தாகி 2005ல் நடைமுறைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவோடு 2011ல். ஒப்பந்தம் இல்லாத நாடு என்றால் நீதிமன்றம் வழியாக வேண்டுகோள் கடிதம், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 112வது பிரிவு, முன்பு இருந்த சி.ஆர்.பி.சி.யில் 166ஏ. இரண்டுமே டெல்லி உள்துறை அமைச்சகம் வழியாகத்தான். விசாரணை அதிகாரி வரைவு எழுதி, மேலதிகாரிகள் பார்த்து, சட்டக் கருத்து வாங்கி, அமைச்சகம் பார்த்து, அங்குள்ள நீதித்துறைக்குப் போய், அவர்கள் 'இது எந்தக் குற்றம், எங்கள் சட்டத்தில் இதற்கு இணை என்ன, எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள்' என்று கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பி, அது மறுபடி அதே படிகளில் இறங்கி அதிகாரிக்கு வருவதற்குள் அவர் வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார், புதிதாக வந்தவர் கோப்பை முதல் பக்கத்தில் இருந்து படிக்க ஆரம்பிப்பார்.

அதற்காக எம்லாட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டு அதிகாரி நட்பாக மின்னஞ்சலில் அனுப்பிய விற்பனை ரசீதும் வங்கிப் பரிமாற்ற விவரமும் நமக்குத் தகவல்தான், கும்பகோணம் நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க வேண்டுமானால் அது முறையான வழியில், அதற்கான சான்றோடு வந்திருக்க வேண்டும். குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்றால் எம்லாட்டைத் தவிர்க்கவே முடியாது. என் புகார் எம்லாட்டின் மேல் இல்லை, அதைத் துப்புத் துலக்கப் பயன்படுத்துவதன் மேல். 'உங்கள் நாட்டில் எங்கள் சிலை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்' என்கிற தினுசில் கோரிக்கை அனுப்பினால் மரியாதையாகத் திரும்பி வரும். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யாரிடம் என்பதை முன்பே வேறு வழியில் தெரிந்துகொண்டு, 'இந்த அலமாரியில் இருக்கும் இந்தக் கோப்பின் நகல் வேண்டும்' என்று கேட்பதற்கு உண்டானது எம்லாட்.

அந்த 'வேறு வழி'தான் அதிகாரிக்கு அதிகாரி பேசுவது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இரண்டு அலுவலகங்கள் முக்கியம். ஒன்று ஹோம்லேண்ட் செக்யூரிட்டி இன்வெஸ்டிகேஷன்ஸ், சுருக்கமாக எச்.எஸ்.ஐ.; சுங்கம், கடத்தல் சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பார்ப்பவர்கள். கபூர் விவகாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் ஹிடன் ஐடல்'. இன்னொன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் மேத்யூ பொக்டானோஸ் தலைமையில் இயங்கும் தொல்பொருள் கடத்தல் பிரிவு. கபூரின் கடையிலும் கிடங்குகளிலும் இவர்கள் சேர்ந்து கைப்பற்றியவை 2,500க்கும் மேல், மதிப்பு 14 கோடி டாலரைத் தாண்டும் என்று அந்த அலுவலகமே சொல்கிறது.

நியூயார்க் ஏன் இவ்வளவு சௌகரியம்? திருட்டுப் பொருளுக்கு அங்கே யாரும் சட்டப்படி உரிமையாளர் ஆக முடியாது, எத்தனை கை மாறியிருந்தாலும், கடைசியாக வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். திருட்டுப் பொருளை வைத்திருப்பதே தொடர்ந்து நடக்கும் குற்றம் என்பதால் 'அது நடந்து 40 வருடம் ஆகிவிட்டதே' என்ற வாதமும் அதிகம் எடுபடாது. அதனால் அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் போய், இந்தப் பொருள் இந்தக் கோயிலில் இருந்து திருடப்பட்டது என்பதற்கு நியாயமான ஆதாரம் காட்டினால், பறிமுதல் வாரண்ட் கிடைத்துவிடுகிறது. அருங்காட்சியகத்தின் வழக்கறிஞர்களும் பெரும்பாலும் சண்டை போடாமல் கொடுத்துவிடுகிறார்கள், பத்திரிகையில் 'திருட்டுச் சிலை வைத்திருக்கும் இடம்' என்று பெயர் வருவதைவிட அது மேல்.

பலன் எண்ணிக்கையிலேயே தெரிகிறது. 1976ல் இருந்து 2013 வரை வெளிநாட்டில் இருந்து இந்தியாவுக்குத் திரும்பிய தொல்பொருள்கள் 13 என்பது மத்திய அரசே சொல்லும் கணக்கு. மன்ஹாட்டன் அலுவலகம் மட்டும் 2021 அக்டோபரில் ஒரே நாளில் 248 பொருள்களை ஒப்படைத்தது, 2024 நவம்பரில் 1,440. இது முழுக்க நம் சாமர்த்தியம் இல்லை, அவர்கள் தங்கள் ஊர் வியாபாரிகள் மேல் போட்ட வழக்குகளின் அறுவடையில் நம் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, அங்கிருப்பவர் நம் அதிகாரியிடம் எதிர்பார்ப்பது என்ன? வாழ்த்து மடலும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் இல்லை. இரண்டே பொருள்: சிலை அந்தக் கோயிலில் இருந்தது என்பதற்குப் படம், அது திருடப்பட்டது என்பதற்கு எஃப்.ஐ.ஆர். இந்த இரண்டும் இருந்தால் வாரங்களில் நகரும் வேலை, இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல நட்பு இருந்தும் நகராது.

படம் என்று வரும்போது புதுச்சேரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆட்கள் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்கள் கலை ஆய்வுக்காக எடுத்தார்கள், இன்று அது போலீஸ் ஆவணம் மாதிரி ஆகிவிட்டது. ஒப்பிடுவது எப்படி என்றால், நடராஜரைச் சுற்றி நிற்கும் திருவாசியில் எத்தனை சுடர், எது வளைந்திருக்கிறது, எது ஒடிந்திருக்கிறது, சடையின் விரிப்பில் கங்கை எந்த இடத்தில், முயலகன் தலை எந்தப் பக்கம், பீடத்தில் தண்டு செருகும் துளையின் விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நம் செப்புத் திருமேனிகள் மெழுகு அச்சில் வார்த்தவை, அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சு அசலாக இருக்கவே முடியாது, இது நம் பக்கத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை ஒரு ஸ்தபதியைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், வெளிநாட்டு வழக்கறிஞருக்குத்தான் இதை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி அறிவுதான் எல்லை தாண்டிப் பரிமாற வேண்டியது. அவர்களுக்குப் பணம் போன தடமும் ஏல நிறுவனக் கோப்பும் தெரியும், நமக்கு உலோகமும் ஆகமமும் கோயிலும் தெரியும்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். விற்பனைக் கோப்பில், தொல்பொருளை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் இந்தியாவின் 1972 சட்டம் வருவதற்கு முன்பே டெல்லியில் பணியாற்றிய சூடான் தூதரக அதிகாரி ஒருவர் வாங்கியது என்றும் பிறகு அவர் மனைவி விற்றது என்றும் கதை. தேதியைக் கவனியுங்கள், சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் கதை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையை உடைத்தது எந்த ஒப்பந்தமும் அல்ல, கோயிலில் சிலை இருந்தபோது எடுத்த பிரெஞ்சு நிறுவனத்தின் படமும், அதைக் கலைக்கூடத்தின் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய ஆர்வலர்களும் பத்திரிகையாளர்களும்தான். பிறகு 2013 டிசம்பரில் கபூரின் கடை மேலாளர் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2014 மார்ச்சில் இந்தியா முறைப்படி கேட்டது, செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். தூதரக வழி என்று செய்தியில் வந்தது கடைசி ஆறு மாதம் மட்டுமே, அதற்கு முந்தைய வேலை எல்லாம் படம் பார்த்தவர்களும் கிடங்கைச் சோதனை போட்டவர்களும் செய்தது.

நேரடி வழியில் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் செலவு, வேகம் அவர்கள் கையில். அவர்களுக்கு அங்கே ஒரு வழக்கு இருக்கும், அது முடியும் வரை சிலை ஆதாரப் பொருளாகக் கிடங்கில் இருக்கும், நம் ஊர்த் திருவிழா தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்தது, சிலை வந்துவிடுவதாலேயே இங்கே திருடியவன் மேல் இருக்கும் வழக்கு வலுப்பெறுவதில்லை. கபூரையே எடுங்கள், 2012ல் வந்தார், கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை கொடுத்தது 2022 நவம்பரில். நாடு கடத்திக் கொண்டு வந்தவரை எந்தக் குற்றத்துக்காகக் கேட்டோமோ அதற்காக மட்டுமே விசாரிக்கலாம் என்ற விதி வேறு இருக்கிறது, பிற்பாடு கண்டுபிடித்த திருட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்றால் மறுபடி ஜெர்மனியின் சம்மதம் வேண்டும். அதனால் கோரிக்கையில் எந்தெந்த வழக்கு என்பதை முதல் நாளே நிதானமாக யோசித்துச் சேர்க்க வேண்டும், சிலை வேகமாக வர வேண்டும் என்ற அவசரத்தில் இது விட்டுப் போகும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது: நேரடி உறவு என்பது ஆளோடு இருக்கும் உறவு. இத்தாலியில் கராபினியேரி போலீஸின் கலைப் பாதுகாப்புப் பிரிவு 1969ல் இருந்து இயங்குகிறது, கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த யுனெஸ்கோ உடன்படிக்கைக்கே ஒரு வருடம் மூத்தது. அவர்களுடைய தரவுத்தளத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட திருட்டுப் பொருள்கள், அதிகாரிகள் அந்தப் பிரிவிலேயே வருடக்கணக்கில் இருந்து மற்ற நாட்டுப் போலீஸுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். நம்முடைய பிரிவு 1983ல் தொடங்கியது, அதுவும் பழமையானதுதான், ஆனால் இங்கே சிலையைப் பற்றி நாலு விஷயம் கற்றுக்கொண்ட இன்ஸ்பெக்டர் அடுத்த மாற்றல் உத்தரவில் போக்குவரத்துப் பிரிவுக்குப் போகலாம். 2018ல் ஓய்வு பெற்ற ஐ.ஜி. ஒருவரையே உயர் நீதிமன்றம் சிறப்பு அதிகாரியாக நியமிக்கும்படி ஆனது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். நியூயார்க்கில் இருப்பவர் 'உங்கள் ஆள் யார்?' என்று கேட்டால் வருடத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு, வெளிநாட்டுத் தொடர்புக்கென்று ஒரே ஆளை ஐந்து வருடமாவது அசைக்காமல் வைக்க வேண்டும், இல்லையென்றால் எம்லாட்டின் மந்தமே பரவாயில்லை, அதிலாவது கோப்பு எண் மாறாது.

சிவில் வழக்கு போடும் வழியும் உண்டு. தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976ல் மண்ணில் இருந்து கிடைத்த நடராஜர் கை மாறி லண்டன் போய், 1982ல் கனடா நிறுவனமான பம்பர் டெவலப்மென்ட் வாங்கி, பிரிட்டிஷ் மியூசியத்தில் சீர் செய்யக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் எடுத்து வைத்தது. அதன் மேல் நடந்த வழக்கில் இடிந்து கிடந்த கோயிலே வாதியாக நிற்கலாம் என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதில் வந்த சாட்சியங்கள்: உலோகம், ஒட்டியிருந்த மண், மேலே கரையான் கட்டிய தடம் எல்லாவற்றையும் அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு, இது இவற்றின் கூட்டாளிதான் என்று நிறுவினார்கள். படமே இல்லாத வழக்கில் கரையான் சாட்சி சொன்னது. 1988ல் தீர்ப்பு, 1991ல் மேல்முறையீட்டிலும் ஜெயம், அதே வருடம் சிலை திரும்பியது. அற்புதமான வழக்கு, ஆனால் திரும்பச் செய்து பார்க்கக் கூடியதா என்றால் சந்தேகம். சர்வதேச நிபுணர்கள், லண்டன் வழக்கறிஞர்கள், அத்தனைக்கும் கட்டணம், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில். சிவபுரம் நடராஜருக்கு இந்தியா 1970களில் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் தரப்பின் மேல் வழக்கு போட்டுக் கடைசியில் சமரசத்தில் முடிந்தது, 10 வருடம் அவர்கள் காட்சிக்கு வைத்துக்கொண்டு 1986ல் கொடுத்தார்கள். ஒரே ஒரு அரிய சிலை, வேறு எந்த வழியும் இல்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

அருங்காட்சியகத்தோடு நேராகப் பேசுவது இதற்கு நேர் எதிர். ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் 1967ல் சோதபி ஏலத்தில் வாங்கிய திருமங்கை ஆழ்வார், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள் கோயிலில் 1957ல் எடுத்த படத்தில் இருப்பவரோடு ஒத்துப்போகிறார் என்று ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அருங்காட்சியகமே 2019ல் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. சண்டையே இல்லை, அவர்களாகவே வந்து சொன்ன விஷயம், அப்படியும் பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது 2024ல்தான். நல்ல மனசு இருக்கும் இடத்திலேயே நாலு வருடத்துக்கு மேல் என்றால், மனசு இல்லாத இடத்தில் இந்த வழியில் போவதில் அர்த்தம் இல்லை. பெயர் கெடும் என்று பயப்படும் பொது நிறுவனத்துக்கு மட்டும் இது பொருந்தும். தனியார் சேகரிப்பாளருக்கு இந்த மரியாதைக் கடிதம் அனுப்பினால் அடுத்த வாரம் சிலை வேறு நாட்டு வங்கிப் பெட்டகத்தில் இருக்கும்.

பிரிட்டன் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு அங்கே ஆறு வருடம் கழிந்தால் உரிமை உறுதியாகிவிடும். அதனால் நியூயார்க் மாதிரி வாரண்ட் நீட்ட முடியாது, வைத்திருப்பவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதைச் செய்ய லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸின் கலைப்பொருள் பிரிவு நல்ல துணை. அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் 1978ல் திருடப்பட்ட ராமர், லட்சுமணர், சீதை மூவரும் 2020 செப்டம்பரில் திரும்பியது அப்படித்தான். 1958ல் எடுத்த புதுச்சேரிப் படத்தை, திருட்டுச் சிலைகளைத் தேடும் இந்தியா பிரைட் புராஜெக்ட் ஆர்வலர்கள் எடுத்துக் காட்டினார்கள், தமிழ்நாட்டுப் போலீஸ் பழைய எஃப்.ஐ.ஆரையும் ஒப்பீட்டையும் அனுப்பியது, லண்டன் அதிகாரிகள் வைத்திருந்தவரிடம் போய்ப் பேசினார்கள், அவர் விவரம் தெரியாமல் வாங்கியவர், கொடுத்துவிட்டார். சட்டப்படி கட்டாயப்படுத்த முடியாத இடத்திலும் போலீஸ் கதவைத் தட்டிப் படத்தைக் காட்டினால் காரியம் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஐரோப்பாவின் மற்றப் பெரும்பாலான நாடுகளில் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குச் சட்டம் இன்னும் அதிகப் பாதுகாப்பு தருகிறது. அங்கே சிலை ஏதோ ஒரு வீட்டு வரவேற்பறையில் இருந்தால், உள்ளதைச் சொல்கிறேன், அவசரப்பட்டு எதையும் செய்யாமல் இன்டர்போல் தரவுத்தளத்தில் பக்காவாகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதே மேல். என்றாவது ஒருநாள் ஏலத்துக்கு வரும், அல்லது நியூயார்க்குக்குப் போகும். பதிவு இருந்தால் ஏல நிறுவனமே கையை எடுத்துவிடும்.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, இனி உரிய ஆவணம் இல்லாமல் போகும் நம் தொல்பொருளை அமெரிக்கச் சுங்கத்துறை எல்லையிலேயே நிறுத்த முடியும். புதிதாகப் போகும் சரக்குக்கு இது பெரிய தடை. ஏற்கெனவே போனவற்றுக்கு மன்ஹாட்டன் வழிதான்.

ஆக ஒரு விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டால் வரிசையை இப்படிச் சொல்வேன். முதல் வாரம் டெல்லிக்கு எதுவும் எழுத வேண்டாம், ஓர் ஆளைப் புதுச்சேரிக்கு அனுப்பி அந்தக் கோயிலின் படங்கள் முழுவதையும் வாங்கி வரச் சொல்லுங்கள், இன்னொருவரை அறநிலையத்துறை அலுவலகத்துக்கு அனுப்பிச் சொத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். திருட்டு நடந்த காலத்து எஃப்.ஐ.ஆர். எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று மூடியிருந்தால் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கித் திறங்கள், எஃப்.ஐ.ஆரே இல்லை என்றால் செயல் அலுவலரிடம் புகார் வாங்கிப் புதிதாகப் போடுங்கள். எந்தக் கோயில் என்று நிறுவ முடியாத சிலைகள் அமெரிக்காவில் இருந்து வந்த பிறகும் டெல்லியில் தொல்லியல் துறையின் காப்பகத்தில்தான் தங்குகின்றன, ஊருக்கு வருவதில்லை. அளவு, எடை தெரிந்தால் எடை, சேதம், கல்வெட்டு இருந்தால் அதன் படி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். அமெரிக்கா என்றால் எச்.எஸ்.ஐ.க்கு டெல்லித் தூதரகத்திலேயே ஆள் இருக்கிறார்கள், பிரிட்டன் என்றால் லண்டன் போலீஸ். அங்கே கோப்பு திறந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, எந்தெந்த ஆவணம் நம் நீதிமன்றத்துக்கு வேண்டும் என்று பெயர் சொல்லி எம்லாட் கோரிக்கை. ஆள் வெளிநாட்டில் இருந்தால் அதோடு சேர்த்து ரெட் நோட்டீஸ். பத்திரிகைக்குச் சொல்வது வாரண்ட் கையெழுத்தான பிறகு போதும்.